பாதி ஈரம், பாதி காற்று

"மண்ணோட மண்ணா போயிட்டார்" என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ஒன்றும் அவ்வளவு சுலபமான வேலை இல்லை. செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர்கள் கண்ணுக்கே தெரியாத ஆட்கள், கேட்கவும் முடியாது. நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான். என் அறைக் கதவில் 'மண் பரிசோதகர்' என்று எழுதியிருக்கும். அடுத்த கதவு துடைப்பம் வைக்கிற அறை. எங்கள் மேலாளருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஊரில் இருக்கிறவர்களுக்கே இடம் இல்லை. செத்தவர்களுக்கு எங்கே போவது? அதனால் ஒரு குழி ஒருவருக்குப் பன்னிரண்டு வருடம்தான். தவணை முடிந்ததும் தோண்டிப் பார்ப்பார்கள். எலும்பு மட்டும் இருந்தால் கழுவி, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பத்தில் இன்னொருவர் போயிருந்தாலோ, போகப்போவதாக இருந்தாலோ, அந்தப் பெட்டியை அவரோடு சேர்த்தே புதைத்துவிடலாம். உடம்பு இன்னும் கரையவில்லை என்றால், இரண்டாம் நிலம் என்று பின்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மறுபடி புதைத்து, இன்னொரு தவணை. அங்கே கல் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு தகரத்தில் எண் மட்டும். அந்தத் தவணையும் முடியும்போது சொந்தம் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போடவில்லை என்றால், பொதுக்குழி.

நான் செய்வது இவ்வளவுதான். ஆளுயர இரும்புத் துளைப்பானைத் தரையில் திருகி இறக்கி அடிமண்ணை எடுப்பேன். எடை போடுவேன். மின் அடுப்பில் வைத்துக் காயவைத்து மறுபடி எடை போடுவேன். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர். பிறகு ஒரு சிட்டிகை மண்ணைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் கண்ணை வைப்பேன். நல்ல மண் என்றால் உள்ளே சந்தைக் கூட்டம். புள்ளி புள்ளியாக நுண்ணுயிர்க் கூட்டம், அதைத் தின்ன உருண்டு வரும் இன்னொரு கூட்டம், நடுவில் நெளிகிற புழு, எல்லாவற்றுக்கும் குறுக்கே பூஞ்சை நூல். மண் துகளைச் சுற்றி மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் அவர்களால் நகர முடியும், தின்ன முடியும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்றும் வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். மண்ணில் இருக்கிற சந்தில் ஏறக்குறைய பாதி ஈரம், பாதி காற்று. தண்ணீர் குறைந்தால் சுருண்டு தூங்கிவிடுவார்கள். கூடினால் உழைக்கிறவர்கள் எல்லாம் செத்து, காற்றே வேண்டாத சோம்பேறிகள் மட்டும் மிஞ்சுவார்கள். வேலை நடக்காது, நாற்றம் மட்டும் வரும். நம் ஆபீஸ் மாதிரியே என்று ஒருமுறை மேலாளரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

அக்காவின் வீடு தோட்டத்தின் பின்வாசலுக்கு எதிர்த் தெருவில். கீழே துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கிற கடை, மேலே படுக்கை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் மாடி மாடியாக ஏறி இறங்கி வேலை பார்த்துவிட்டு வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. இரண்டு பேர் மிஞ்சினோம்.

அதிலிருந்து தினமும் கடை திறப்பதற்கு முன் அக்கா பின்வாசல் வழியாக வருவாள். குழாயில் பூவாளியை நிரப்பி, அத்தானைப் புதைத்த இடத்தில் வைத்திருந்த ரோஜாவுக்கும் புல்லுக்கும் ஊற்றுவாள். ஒரு வாளியோடு நிற்காது. ஊற்றிக்கொண்டே பேசுவாள். கரண்ட் பில் கூடிப்போச்சு, பக்கத்து வீட்டுக்காரன் குழாயை மூட மாட்டேங்கறான், உங்க கூட்டாளி போன் பண்ணவே இல்ல. அந்த வரிசையிலேயே பச்சைப் பசேலென்று இருந்தது அத்தானுடையதுதான். வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இந்த வருடம் குளிர் விட்ட சமயம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். நாங்கள் போய் உட்காருவதற்குள் டாக்டர் கையை விரித்துவிட்டார். இலை உதிர்கிற காலம் வரை ஓடினால் பெரிது என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரை எப்போ எடுப்பீங்க?"

தவணை முடிகிற வருடம் அதுதான். சொன்னேன்.

"அப்போ சரியாத்தான் இருக்கு. பெட்டிய என் கால்மாட்டுல வெச்சிடு."

"ஏன், தலைமாட்டுல வெச்சா என்ன?"

"ஐயோ வேண்டாம்டி, குறட்டை விடுவார்."

படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்தில் போனவர் எங்களுக்கு ஏதோ நல்ல செய்தி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துளைப்பானைத் தூக்கிக்கொண்டு அத்தானிடம் போனேன். அந்தப் பகுதியை நான் அதுவரை சோதித்ததே இல்லை. தவணை முடிகிற வருடம்தான் ஒவ்வொரு பகுதியும் என் கைக்கு வரும், அதுதான் முறை. மேல் மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. இன்னும் இறக்கினேன். ஓரிடத்தில் துளைப்பான் தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. இழுத்தபோது சப்பென்று ஒரு சத்தம். நுனியில் ஒட்டியிருந்தது நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். முகர்ந்து பார்த்தேன். அழுகின முட்டை.

காயவைக்கத் தேவையே இல்லை, இருந்தாலும் காயவைத்தேன். சந்து முழுக்கத் தண்ணீர். நுண்ணோக்கியில் பூஞ்சை நூல் ஒன்றுகூட இல்லை. உருள்வது இல்லை, நெளிவது இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தச் சோம்பேறிகள். இப்படிப்பட்ட ஈரத்தில் உடம்பு கரையாது. கொழுப்பெல்லாம் மெழுகாக மாறி அப்படியே நின்றுவிடும். அந்தப் பகுதி பள்ளம், அடியில் களி, மேட்டிலிருந்து கசிவு வேறு வருகிறது. அக்காவின் பூவாளி அதில் எவ்வளவு, மேட்டுக் கசிவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி கிடையாது. ஆனால் கசிவை நிறுத்த என்னால் முடியாது. பூவாளியை நிறுத்த முடியும்.

கடைக்குப் போனேன். அக்கா யாருடைய பேன்ட்டையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே அங்க தண்ணி ஊத்தாதே."

"ஏன், தண்ணிப் பஞ்சமா?"

"இல்ல. அடியில ஈரம் ஜாஸ்தி. காத்து போகல. அவர் கரையல."

ஊசியைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பூசி மெழுகிப் பேச வராது. படலம், காற்று, நுண்ணுயிர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது தெரிந்தும் நிறுத்தவில்லை.

"நான் ஊத்தினதாலயா?"

"அதுவும் ஒண்ணு. நெலமே பள்ளம்."

"இத்தனை வருஷம் பாத்துக்கிட்டேதானே இருந்தே? அப்பல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அடியில இப்படி இருக்கும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"போடி. பெரிய பரிசோதகராம்."

வாடிக்கையாளர் ஒருத்தி உள்ளே வந்தவள், எங்கள் சத்தத்தைக் கேட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அக்கா ஊசியை மறுபடி எடுத்தாள். "ரோஜா செத்துடும்" என்றாள். "சாகட்டும்" என்றேன். "நிறுத்தினா கரைஞ்சிடுவாரா?" என்று கேட்டாள். "காத்து போனா என் ஆளுங்க வந்துடுவாங்க. கோடைக்காலம் முழுசும் இருக்கு. வாய்ப்பு இருக்கு" என்றேன்.

வாய்ப்பு இருக்கு என்றுதான் சொன்னேன். அக்காவின் காதில் அது எப்படி விழுந்ததோ. மறுநாளிலிருந்து அவள் பின்வாசல் பக்கமே வரவில்லை.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். குழி வெட்டுகிறவர்களுக்குத் தலைவரை நாங்கள் 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடுவோம். மனிதர் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிக் கொட்டுவதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவரைப் பிடித்து, அத்தானைச் சுற்றி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்களை இறக்கினோம், காற்று போகட்டும் என்று. மேட்டுப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டிக் கசிவைத் திருப்பிவிட்டோம். மேலாளர் ஜன்னலிலிருந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கோடையில் புல் பழுத்தது, பிறகு காய்ந்தது. ரோஜா இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. தரை வெடித்தது. வெடிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், உள்ளே காற்று போகும் என்று. அந்த வரிசையிலேயே பார்க்கச் சகிக்காமல் கிடந்தது இப்போது அத்தானுடையதுதான். வருகிறவர்கள், பாவம், இவருக்கு யாரும் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனதை என் காதாலேயே கேட்டேன். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா இளைத்துக்கொண்டே போனாள். காலையில் கடை திறக்கிற நேரம் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்பாள். "நல்லா காயுது" என்பேன். "நல்லது" என்பாள்.

நடுவில் ஒரு நாள் திடீரென்று பெருமழை பிடித்துக்கொண்டது. காய்ந்த மண்ணில் மழை விழுந்த வாசனைக்கு ஆபீஸ் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து ஆகா ஓகோ என்றார்கள். நான் என் ஜன்னலைச் சாத்தினேன். வறட்சியில் பிழைத்துக் கிடக்க அந்த உயிர்கள் உடம்புக்குள் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மெல்ல மெல்ல ஈரம் வந்தால் தாக்குப்பிடிக்கும். இப்படிக் கொட்டினால், சேர்த்ததை வெளியே தள்ள நேரமில்லாமல் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். மேல் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தவர்களில் பாதிப் பேர் அன்று மத்தியானமே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நனைந்தபடி போய் அத்தான் மேல் தார்ப்பாய் விரித்தேன். தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

இலை பழுக்கத் தொடங்கியபோது டாக்டர் இனிக் காத்திருக்க வேண்டாம் என்றார். மேலாளரிடம் போய், தேதிக்கு முன்னாலேயே திறக்க அனுமதி கேட்டேன். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அவரைப் பற்றி நான் பேசினதெல்லாம் கொஞ்சம் உறுத்தியது.

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். குழிக்கருகே வேண்டாம் என்று என் அறையிலேயே உட்கார வைத்தேன். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். தலைமுடி கொட்டிப்போனதால் தலையில் ஒரு துணி. மடியில் காலிப் பெட்டி. "நானே வெச்சுக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேலே ஒரு முழத்துக்கு மண் கட்டாந்தரை. கடப்பாரை போட்டுத்தான் உடைத்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குக் கீழே கடப்பாரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. நாங்கள் இறக்கிய குழாய்களின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. நாற்றம் எழுந்தது. எக்ஸ்பிரஸ் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், கொஞ்சம் இப்படி வாங்க."

அத்தான் இருந்தார். சோப்புக்கட்டி மாதிரி வெளுத்திருந்தார், ஆனால் அத்தான்தான். நெற்றி, மூக்கு, காது மடல், மீசை. வேறு யாராவது என்றால் நான் மண்ணைத்தான் பார்த்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் என்னடா செய்தீர்கள் என்று கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்களை வாய்விட்டு வைதேன். எக்ஸ்பிரஸ் தம்மைத்தான் வைகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அறைக்கு வந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சுது."

பெட்டியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"அக்கா. அவர் அப்படியே இருக்கார்."

"அப்படியேன்னா?"

"அப்படியேதான்."

"மூஞ்சியெல்லாமா?"

"ஆமா."

ஒரு நிமிடம் அவள் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. கை தானாகப் போய் தலையில் இருந்த துணியைச் சரி செய்தது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கிப் பெட்டியின் மேல் வந்து நின்றது.

"அப்போ என்கூட வர மாட்டாரா?"

"வர மாட்டார்."

"எங்க கூப்பிட்டாலும் லேட்டாத்தான் வருவார் மனுஷன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் அது பாதியில் நின்றுவிட்டது.

"நான் ஒரு தடவ பாக்கவா?"

"வேண்டாம்க்கா."

"சரி, நீ சொன்னா சரி." பெட்டியின் மூடியைத் திறந்து மூடியபடி, "மேல காஞ்சிருந்துதா?" என்று கேட்டாள்.

"கல்லு மாதிரி காஞ்சிருந்துது."

"கீழ?"

நான் மண் காயவைக்கிற அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ நான் ஊத்தியிருக்கலாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்னா நான் ஊத்தியே இருக்கலாமே. கடைசியா ஒரு கோடை இருந்துது. ரோஜா பூத்திருக்கும். வெறுங்கையோட போய் எப்படி நிக்கறதுன்னுதான் நான் போகவே இல்ல. ஒரு வார்த்த பேசல அவர்கிட்ட."

வாய்ப்பு இருக்கு என்றுதானே சொன்னேன் என்று சொல்லவா? அவள் முழங்காலில் தலையை வைத்தேன். அந்தக் காலில் சதையே இல்லை.

"அங்க, அந்த மேட்டுல, எத்தனை வருஷம் ஆகும்?"

"மண்ணு நல்லதுதான். ஆனா மெழுகானது லேசுல கரையாது. பன்னெண்டு வருஷம் விடுவாங்க."

"அதுக்கப்புறம்? என்கூட கொண்டுவந்து வெப்பாங்களா?"

"உன் தவணையும் அப்போதான் முடியும். சேத்து வெக்கலாம். யாராவது வந்து கையெழுத்து போடணும்."

"யாரு இருக்கா?" என்றவள் என் முகத்தை நிமிர்த்தினாள். "நீ இருப்பியா?"

"இருப்பேன்."

"உனக்கு சர்க்கரை. மாத்திரைய ஒழுங்கா போடறதில்ல. அம்மா அறுபதைக்கூடத் தாண்டல."

"இருப்பேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மத்தியானம் அத்தானை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பார்க்கவில்லை. காலிப் பெட்டியை மடியில் வைத்தபடியே வீட்டுக்கு வந்தாள். அதைத் தையல் இயந்திரத்தின் மேல் வைக்கச் சொன்னாள். இலையெல்லாம் உதிர்ந்து முடிவதற்குள் போய்விட்டாள்.

அவளுக்கு இடம் நான்தான் தேர்ந்தெடுத்தேன். தோட்டம் முழுக்கத் துளைத்துத் துளைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கையில் பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும், அப்படிப்பட்ட மண். உள்ளே அவ்வளவு கூட்டம். அக்கா சீக்கிரமே கரைந்துவிடுவாள். அத்தான் என்ன செய்வாரோ தெரியாது. மேட்டு மண்ணை எடுத்துப் பார்த்தேன், பாதகம் இல்லை. பாதகம் இல்லை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வருகிற வருடம் எனக்கு ஓய்வு. துளைப்பானை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது, சண்டை போட ஆள் கிடையாது. காலையில் கண் விழித்ததும், விழிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தினமும் தோன்றுகிறது. அப்படியே படுத்துக்கிடப்பேன். பிறகு எழுந்து, வேண்டா வெறுப்பாக எதையாவது இரண்டு வாய் தின்கிறேன், வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.